தட்டில் வைத்த இரும்பு உருண்டை

அந்தத் தெருவில் அவளுக்குத் துருக்காரி என்று பெயர். வைத்தவன் முனை வீட்டு ஸ்கூட்டர் மெக்கானிக். கேலிக்குத்தான் வைத்தான், படுபாவி. ஆனால் அவன் அப்பா காலத்துத் தராசு துருவேறிப் போனபோது அவனே அதைத் தூக்கிக்கொண்டு அவளிடம்தான் வந்து நின்றான். மண்ணுக்கடியில் கிடந்து இற்றுப்போன இரும்பு எதுவானாலும் சரி, பூட்டோ கோடாலியோ லாடமோ சங்கிலியோ, துருவைக் கழற்றி மெழுகு பூசி இன்னும் நூறு வருஷம் தாங்கும்படி ஆக்கிக் கொடுத்துவிடுவாள். மியூசியத்திலிருந்துகூட அவளுக்கு வேலை வரும். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இல்லையென்று சொன்னால் பொய்.

வீட்டின் பின்னறைதான் பட்டறை. ஒரு பக்கம் பெரிய பிளாஸ்டிக் தொட்டி, அதில் சலவைச் சோடா கரைத்த தண்ணீர். துருப்பிடித்த சாமானை அதில் முக்கி, பேட்டரி சார்ஜரின் ஒரு கம்பியைச் சாமானிலும் இன்னொன்றைப் பழைய இரும்புத் தகட்டிலும் மாட்டி மின்சாரத்தை விட்டால் பொடிப்பொடியாக நுரை கிளம்பும். ஒரு நாளோ ஒரு வாரமோ போனால் துரு கறுத்துச் சேறாகிக் கழன்று வரும். பிறகு பிரஷ் போட்டுத் தேய்த்து, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் அலசி எடுக்க வேண்டும். அவசரமெல்லாம் அங்கேதான். தண்ணீரிலிருந்து வெளியே வந்த இரும்பு சும்மா இருக்காது. ஈரத்தோடு கால் மணி நேரம் விட்டால் போதும், ஒரு வாரம் பட்ட பாடெல்லாம் வீணாய்ப்போய் மேலெல்லாம் புதுத்துரு பூத்துவிடும். அதனால் அலசிய கையோடு ஓவனில் வைத்துக் காயவைத்துவிட வேண்டும்.

ஓவன் அவள் புருஷனின் பொறுப்பு. மனுஷன் முப்பது வருஷம் அச்சகத்தில் இயந்திரத்தோடு நின்றதில் காது போய்விட்டது. காதுக்கு மெஷின் வாங்கி வைத்திருக்கிறார். ஆனால் பட்டறைக்குள் நுழைந்ததும் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார், பிரஷ் சுற்றும் சத்தம் அதற்குள் புகுந்து மண்டையைக் குடைகிறதாம். அவளோ முகமூடி மாட்டியிருப்பாள். ஒருத்தருக்குக் காது கிடையாது, இன்னொருத்தருக்கு வாய் கிடையாது, எங்கிருந்து பேசுவது? அதனால் அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு. ஓவன் பக்கத்தில் ஒரு தகரத் தட்டு இருக்கும். அவள் எதை அதில் வைத்தாலும் அவர் எடுத்து ஓவனுக்குள் வைத்துவிடுவார். கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை. மேஜையை அதிரும்படி இரண்டு தட்டுத் தட்டினால் இங்கே பாருங்க என்று அர்த்தம், உள்ளங்கையைக் காட்டினால் நிறுத்துங்க. கல்யாணமான புதிதிலேயே இப்படி இருந்திருந்தால் பாதிச் சண்டை மிச்சமாகியிருக்கும் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

இப்படி ஏழு வருஷம் ஒரு பிசகும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த உருண்டை வந்தது. கொண்டுவந்தவர் மண் தோண்டும் வண்டி ஓட்டுகிறவர். சாக்கடைக்குக் குழி வெட்டும்போது கிடைத்ததாம். இரண்டு கையும் சேர்த்துப் பிடிக்கும் அளவு, மண்ணும் துருவும் சேர்ந்து பாறையாய் இறுகிக் கிடந்தது.

"பழைய எடைக்கல்லா இருக்கும்கா. நல்லாப் பளபளன்னு பண்ணிக் குடுங்க. வீட்டுக் கதவு காத்துல டமார் டமார்னு அடிச்சுக்குது, முட்டுக்கொடுக்க வச்சுக்கிறேன்" என்றார்.

அவளும் கையில் வாங்கிப் பார்த்தாள். அளவுக்கு எடை கொஞ்சம் குறைவோ என்று ஒரு கணம் தோன்றியது. உள்ளுக்குள் துரு தின்றிருக்கும் என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு தொட்டியில் இறக்கினாள்.

ஒன்பதாம் நாள் காலையில் எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தபோது கறுப்புக்கு நடுவே மஞ்சளாக ஏதோ தெரிந்தது. இன்னும் தேய்த்தாள். பித்தளை. பெரிய நாணயம் அளவுக்கு வட்டமாக ஒரு மூடி, அதில் எதிரும் புதிருமாக இரண்டு சின்னக் குழி, ஏதோ சாவி போட்டுத் திருகுகிற மாதிரி. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எடைக்கல்லுக்கு எதற்குப் பித்தளை மூடி? இது என்னமோ அபூர்வ சாமான், மியூசியம்காரரிடம் காட்டினால் அசந்துபோய்விடுவார். போனை எடுத்து நாலு பக்கமும் படம் பிடித்தாள்.

மியூசியம்காரரைப் பத்தரைக்குள் பிடித்தால்தான் உண்டு, அதற்குமேல் கூட்டம் அது இது என்று ஆள் அகப்படமாட்டார். அவசர அவசரமாக உருண்டையை அலசினாள். எங்கே வைப்பது? அவள் மேஜை முழுக்க ஒரு பழைய பெட்டிப் பூட்டின் உள்பாகங்கள், கழற்றிய வரிசையிலேயே துணிமேல் பரப்பிக் கிடந்தன. ஒன்று இடம் மாறினாலும் தொலைந்தது. சரி, கையைக் கழுவிக்கொண்டு வருகிற வரைக்கும்தானே என்று உருண்டையைத் தட்டில் வைத்தாள். போய்க் கையைக் கழுவினாள், உடை மாற்றினாள், தலை வாரினாள், கடிகாரத்தைப் பார்த்தாள், பஸ் போய்விடும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். புருஷன் குளித்துக்கொண்டிருந்தார். அப்போது மணி ஒன்பது நாற்பது.

"வாங்க டாக்டரம்மா! இன்னிக்கு எந்த நோயாளி?" என்றார் மியூசியம்காரர். அவள் போகும்போதெல்லாம் இதே கேலிதான். ஒல்லியான மனிதர், கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே நாள் பூராவும் தேடுகிறவர்.

அவள் பெருமையோடு போனை நீட்டினாள். அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். படத்தைப் பெரிதாக்கினார். அடுத்த படத்தைப் பார்த்தார். முகத்திலிருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"அளவுக்குத் தகுந்த கனம் இருக்கா?"

"கொஞ்சம் கம்மிதான். ஏன்?"

"இது எடைக்கல் இல்லம்மா. குண்டு."

"பீரங்கிக் குண்டா? போன வருஷம்கூட ஒண்ணு சுத்தம் பண்ணிக் குடுத்தேனே."

"அது கெட்டி உருண்டை, ஒண்ணும் பண்ணாது. இது உள்ள கூடு. கூட்டுக்குள்ள வெடிமருந்து. இந்தப் பித்தளை மூடியிலதான் அதைப் பத்தவைக்கிற திரி இருக்கும். வெடிக்காமப் புதைஞ்சு போயிருக்கு."

"எந்தக் காலத்துச் சாமான். ஒன்பது நாளு தண்ணியில வேற ஊறியிருக்கு. மருந்து செத்துப்போயிருக்காதா?"

"செத்தும் இருக்கலாம், சாகாமலும் இருக்கலாம். இடிச்சா, துளை போட்டா, சூடு காட்டினா என்ன ஆகும்னு யாராலயும் சொல்ல முடியாது. இப்ப எங்க வச்சிருக்கீங்க?"

"மேஜை மேல..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றாள். மேஜை மேல் பூட்டு இருந்தது.

ஈரத்தோடு ஒரு இரும்பு தட்டில் இருக்கிறது. குளித்துவிட்டு வந்த மனுஷன் அதைப் பார்க்கிறார். பார்த்துவிட்டு என்ன செய்வார்? ஏழு வருஷமாக என்ன செய்தாரோ அதைத்தான் செய்வார். நூற்றிருபது டிகிரி, ஒன்றரை மணி நேரம். பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சாமானை ஓவனில் விட்டுவிட்டு நகர்ந்ததே கிடையாது, அத்தனை பொறுப்பு.

"அவரு வச்சிருப்பாரு. ஐயோ, அவரு ஓவன்ல வச்சிருப்பாரு!" என்றாள்.

புருஷனின் போனுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தாள். சமையலறை அலமாரிமேல் அது கிடந்து கத்திக்கொண்டிருப்பது அவளுக்கு இங்கிருந்தே தெரிந்தது. யாருக்குக் கேட்கப்போகிறது? காது மெஷின் சட்டைப் பையில். மூன்றாவது தடவையும் அடித்தாள்.

மியூசியம்காரர் அதற்குள் மேஜைப் போனில் போலீஸைப் பிடித்துவிட்டார். விலாசம் கேட்டார்கள். பதினைந்து வருஷம் குடியிருக்கும் வீட்டின் கதவு எண் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. ஒருவழியாகச் சொல்லி முடித்தாள். குண்டை எடுக்கிற ஆட்கள் ஊரின் அந்தக் கோடியிலிருந்து வர வேண்டும், அரை மணி ஆகும், வீட்டில் இருப்பவர்களை உடனே வெளியே வரச்சொல்லுங்கள் என்றார்கள்.

வெளியே வரச்சொல்ல வேண்டும். யார் போய்ச் சொல்வது?

அவள் தங்கச்சி அதே தெருவில் நாலு வீடு தள்ளி இருந்தாள். கூடப் பிறந்தவள், அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள், இவள் இடுப்பிலேயே வளர்ந்தவள். பத்து மாதத்தில் ஒரு பெண் குழந்தை. துருக்காரி தங்கச்சிக்கு அடித்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"சொல்லுக்கா. என்ன, மாமா காது மெஷினைக் கழட்டி வச்சுட்டாரா? நான் போய் உலுக்கணுமா?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சத்தியமாக அதற்குத்தான் திறந்தாள். திறந்த வாயோடு ஒரு கணம் நின்றாள். வீட்டுக்குள்ளே குண்டு இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும், நீ உள்ளே போ என்று யாரிடம் சொல்ல முடியும்? சொன்னால் போவாளா? போகாவிட்டால் அவர் கதி? அந்த ஒரு கணத்துக்குள் இத்தனையும் ஓடி, கடைசியில் வாயிலிருந்து விழுந்தது வேறு.

"அடுப்புல பாலை வச்சுட்டு மறந்து வந்துட்டேன்டி. கொஞ்சம் ஓடிப்போய் மாமாவை வெளிய வரச்சொல்லேன்."

"பாலுக்கு எதுக்கு மாமா வெளிய வரணும்? நான் போய் அணைச்சுட்டு வர்றேன். உன் மறதிக்கு ஒருநாள் வீடே பத்தி எரியப்போகுது பாரு." தங்கச்சி சிரித்தாள். "பாப்பா இப்பதான் முழிச்சா. இடுப்புல தூக்கிக்கிட்டே போறேன்."

"பாப்பா வேணாம்! ஏய், பாப்பாவை—"

போன் வைத்தாகிவிட்டது. திருப்பி அடித்தாள். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். மறுபடி. சார்ஜரில் மாட்டிவிட்டுக் கிளம்பியிருப்பாள், எப்போதும் அப்படித்தான். ஒருத்தரைக் காப்பாற்றப்போய் இன்னும் இரண்டு பேரை அந்த வீட்டுக்குள் அனுப்பிவிட்டு, கையில் போனை வைத்துக்கொண்டு நின்றாள் துருக்காரி.

மியூசியம்காரர் அவளைப் பார்த்தார். கார் சாவியை எடுத்துக்கொண்டு, "வாங்க" என்றார்.

அவர் கார் ஓட்டுகிற லட்சணத்தைச் சொல்ல வேண்டுமே. தெருவில் நாய் படுத்திருந்தால் ஹாரன் அடிக்கக்கூடக் கூச்சப்படுகிறவர். அன்றைக்கும் அப்படித்தான் கிளம்பினார், இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. முதல் சிக்னலில் சிவப்பு. நின்றார். "போங்க சார், போங்க!" என்று அவள் கத்தியதும் கண்ணை மூடிக்கொண்டு போனார். பின்னால் நாலு வண்டிக்காரர்கள் திட்டினார்கள். அடுத்த தெருவில் ஒரு லாரி குறுக்கே நின்று பின்வாங்கிக்கொண்டிருந்தது, வா வா இன்னும் வா என்று ஒருவன் ஆற அமரக் கையசைத்துக்கொண்டிருந்தான். அவளுக்கு இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது.

"ஓவன் சூடேற எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார்.

"இருபது நிமிஷம்."

"எத்தனை மணிக்கு வச்சிருப்பாரு?"

"பத்துக்குள்ள வச்சிருப்பாரு." காரின் கடிகாரத்தில் பத்து முப்பத்தாறு.

அவள்தான் பேசினாள். யாரும் கேட்காமலே பேசினாள். "நெசத்தைச் சொன்னா போகமாட்டாளோன்னு பயந்துட்டேன் சார். குழந்தையைத் தூக்கிட்டுப் போவான்னு நான் நினைக்கவே இல்லை. பால்னு சொன்னா ஆற அமரத்தான் போவா. உள்ள போய் இது எங்க அது எங்கன்னு உருட்டிக்கிட்டு நிப்பா. என் வாயில ஏன் சார் அப்படி வந்துச்சு?" அவருக்கு என்ன தெரியும், பாவம், வண்டியை ஓட்டினார்.

ஒரு கடை வாசலில் யாரோ இரும்புக் கதவைச் சடாரென்று இறக்கினார்கள். அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள். நிமிர்ந்து, வீடு இருக்கும் திசையில் வானத்தைப் பார்த்தாள். புகை ஏதும் இல்லை. பிறகு வழி பூராவும் வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். தங்கச்சிக்கு மட்டும் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தாள்.

தெரு வழக்கம்போல இருந்தது. மெக்கானிக் ஒரு ஸ்கூட்டரைக் கழுவிக்கொண்டிருந்தான். கார் நிற்பதற்கு முன்பே கதவைத் திறந்து குதித்தாள். தங்கச்சி வீட்டு ஜன்னல் திறந்திருந்தது, உள்ளே போன் அடித்துக்கொண்டிருந்தது. அவள் கையிலிருந்து போகிற அழைப்புதான். அப்படியென்றால் தங்கச்சி இன்னும் திரும்பவில்லை. போய்க் கால் மணி நேரத்துக்குமேல் ஆகிறது, இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

"நீங்க போகாதீங்க, அவங்க வந்துருவாங்க!" என்று மியூசியம்காரர் அவள் கையைப் பிடித்தார். அவள் உதறிவிட்டு ஓடினாள். அவர் பின்னால் நின்று தெருவிலிருந்தவர்களைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தார், அந்த மனிதருக்கு அத்தனை குரல் இருக்கும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

கதவு திறந்தே கிடந்தது. சமையலறையில் தங்கச்சி, தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டு நேற்றைய பாத்திரத்தையெல்லாம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பாலே வைக்கலையே நீ! அடுப்பு சில்லுன்னு கிடக்கு. சரி, வந்தது வந்தாச்சு, இந்தப் பாத்திரத்தையாவது..."

"பாப்பா எங்கடி?"

"மாமாகிட்ட."

துருக்காரி அவளைத் தாண்டி ஓடினாள். பின்னறை வாசலுக்குப் போனாள். ஓவனுக்குள் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், கம்பித் தட்டின் நடுவில், கறுப்பாக அந்த உருண்டை. இந்தப் பக்கம், ஒரு முழ தூரத்தில், ஸ்டூலில் அவள் புருஷன். மடியில் குழந்தை. பாப்பாவுக்கு அந்த விளக்கு பிடித்துப்போய்விட்டது போலிருக்கிறது, கையை நீட்டி நீட்டிக் கண்ணாடியைத் தொடப் பார்த்தது. அவர் ஒவ்வொரு தடவையும் அந்தக் கையை மெல்லப் பிடித்து இழுத்து, "சூடு, சூடு" என்று சொல்லிச் சிரித்தார்.

அவளுக்கு அலற வேண்டும்போல இருந்தது. அலறி என்ன பயன், கேட்காது. ஓடிப்போய்ப் பிடுங்கவும் பயம். திடுக்கிட்டு எதையாவது தட்டிவிட்டால்? மூச்சைப் பிடித்துக்கொண்டு மேஜையருகே போய் இரண்டு தட்டுத் தட்டினாள். பூட்டின் ஆணிகள் துணிமேல் குதித்து உருண்டன. அவர் திரும்பினார். அவளைப் பார்த்து முகம் மலர்ந்தது. அவள் உள்ளங்கையைக் காட்டினாள். இரண்டே எட்டில் போய்க் குழந்தையை வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். வாங்க, வாங்க, வெளியே வாங்க என்று கையை ஆட்டினாள்.

அவர் எழுந்தார். இரண்டடி வந்தார். அப்புறம் நல்ல பொறுப்பான மனுஷன் என்ன செய்வாரோ அதைச் செய்தார். "இரு, உள்ள சாமான் இருக்கே. எடுத்து வெளிய வச்சுட்டு வர்றேன்" என்று கைத்துணியை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு ஓவன் கதவின் பிடியில் கையை வைத்தார்.

இத்தனை வருஷத்தில் அவள் அந்த மனுஷன்மேல் கை வைத்து இழுத்ததில்லை. ஒரு கையில் குழந்தை, மறு கையால் அவர் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். பொத்தான் தெறித்தது. ஸ்டூல் சாய்ந்து கீழே விழுந்து சத்தம் போட்டது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

ஒன்றும் ஆகவில்லை.

கண்ணைத் திறந்தபோது அவர் அவளையே பேயறைந்தவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். இவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார். அவள் காலரை விடவில்லை. அப்படியே தரதரவென்று இழுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள்.

"என்னக்கா பண்ற? மாமாவை ஏன் இப்படி..."

"வெளிய! வெளிய ஓடுடி!"

அந்தக் குரலைக் கேட்டதும் தங்கச்சி மறுபேச்சுப் பேசவில்லை. குழாயை மூடாமல், ஈரக்கையோடு ஓடினாள். வாசலுக்குப் பக்கத்தில் மெயின் ஸ்விட்ச். அதைக் கீழே இழுத்தால் ஓவன் அணைந்துவிடும். கை எங்கே காலியாக இருக்கிறது? காலரை விட்டால் மனுஷன் திரும்பிப் போய்விடுவாரோ என்று பயம். தலையைக் குனிந்து தாடையாலேயே முட்டி அதை இறக்கினாள். வீட்டுக்குள் விளக்கெல்லாம் அணைந்தது. கதவைக்கூடச் சாத்தாமல் நாலு பேரும் தெருமுனை வரைக்கும் ஓடினார்கள். மூச்சு வாங்க நின்றபோதுதான் தன் தாடையில் ரத்தம் வந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது.

போலீஸ் வந்தது. பிறகு குண்டு எடுக்கிறவர்கள் வந்தார்கள். தெருவையே காலி பண்ணிவிட்டார்கள். ஓவன் ஆறட்டும் என்று மூன்று மணி நேரம் யாரையும் உள்ளே விடவில்லை. மெத்தைபோலக் கனத்த உடுப்பு போட்டுக்கொண்டு இரண்டு பேர் போனார்கள், மணல் நிரப்பிய பெட்டியோடு திரும்பி வந்தார்கள், வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆமை வேகத்தில் போனார்கள். ஊருக்கு வெளியே பழைய கல் குவாரி ஒன்று இருக்கிறது. நாலு மணி வாக்கில் அந்தத் திசையிலிருந்து சத்தம் வந்தது. இத்தனை தொலைவுக்கும் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. மெக்கானிக், கேலி பேசியே பழகிய பயல், வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அவள் புருஷன் அதற்குள் காது மெஷினை மாட்டியிருந்தார். விஷயம் பூராவும் அவருக்குச் சொல்லியாகிவிட்டது. "நான்தானே வச்சேன்" என்றார். "குழந்தையை வேற மடியில வச்சுக்கிட்டு..."

"நீங்க ஒண்ணும் பண்ணலை. தட்டுல வச்சது நானு" என்றாள். அவர் தலையைத் தலையை ஆட்டினார், சமாதானம் ஆனதாகத் தெரியவில்லை.

பாப்பாவை அவள் இன்னும் இறக்கவே இல்லை. மத்தியானம் தங்கச்சி பால் கொடுக்க வாங்கியபோது மட்டும்தான் கொடுத்தாள், குடித்து முடித்ததும் திரும்ப வாங்கிக்கொண்டாள். இப்போது அது அவள் தோளில் எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருந்தது. மெக்கானிக் கடைப் படிக்கட்டில் அக்காவும் தங்கச்சியும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். மியூசியம்காரர் பக்கத்தில் நின்றார்.

போலீஸ் அதிகாரி ஒரு நோட்டோடு வந்தார். "உயிரோடதான் இருந்திருக்கும்மா அது. இன்னும் கொஞ்சம் சூடு ஏறியிருந்தா என்ன ஆகியிருக்குமோ. இந்த வீடு மட்டும் போயிருக்காது." பிறகு தங்கச்சி பக்கம் திரும்பினார். குரல் கடுத்தது. "உள்ள குண்டு இருக்குன்னு தெரிஞ்சும் கைக்குழந்தையைத் தூக்கிட்டுப் போனது நீங்கதானா? படிச்ச பொண்ணாத்தானே இருக்கீங்க? புத்தி வேணாமா?"

"எனக்கு யாரு சொன்னா?" என்றாள் தங்கச்சி. "பால் வச்சுட்டேன், போய்ப் பாருன்னுதான் அக்கா..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். அக்காவின் பக்கம் மெல்லத் திரும்பினாள்.

"போன் பண்ணப்பவே உனக்குத் தெரியுமாக்கா?"

மியூசியம்காரர் தொண்டையைக் கனைத்தார். "அப்ப எங்களுக்கே சரியா நிச்சயம் இல்லம்மா. போட்டோவை வச்சு எப்படி..." என்று இழுத்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர், காது மடலெல்லாம் சிவந்துவிட்டது. துருக்காரி அவரை நன்றியோடு பார்த்தாள். அவர் சொன்னதற்கு ஆமாம்டி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இன்றைக்கு எல்லாரும் வீட்டுக்குப் போய்விடலாம். காலையில் கடைக்கதவு இறங்கியபோது இருந்ததைவிட இப்போது அதிகமாகப் பயமாக இருந்தது.

"தெரியும்" என்றாள்.

தங்கச்சி கத்துவாள், அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். அவளோ தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் பாத்திரம் கழுவிய சோப்பு இன்னும் நகத்தோரத்தில் வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

"நெசத்தைச் சொல்லியிருந்தாலும் போயிருப்பேன்க்கா. மாமா உள்ள இருக்காரே, போகாம இருப்பேனா? பாப்பாவை மட்டும் யார்கிட்டயாவது குடுத்துட்டுப் போயிருப்பேன்."

இரண்டு கையையும் நீட்டினாள். துருக்காரி தோளிலிருந்து குழந்தையை எடுத்து அவளிடம் கொடுத்தாள்.